பண்டமாரானில் கிடைத்த கை மிஷின்

அன்று காலை பிரிக்பீல்ட்ஸில், பூமாலைக் கடைக்கு மேல்மாடியிலிருந்த துப்பறியும் அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாமவர் கெர்ட்ரூட் அம்மையார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் போடுகிறவர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். இரண்டாமவர் அவருடைய உதவியாளர் ராதாகிருஷ்ணன். முன்னாள் டாக்சி ஓட்டுநர். வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும் என்று மனதார நம்புகிறவர். மூன்றாமவர் ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற சிவநேசன். நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வதென்றால், மேசை நடுவே உட்கார்ந்திருந்த கறுப்புத் தையல் மிஷினைச் சேர்க்கலாம். காலால் மிதிப்பதல்ல, கையால் சுற்றுவது.

சிவநேசனைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் குடும்பம் யாரிடமும் கைநீட்டாத குடும்பம். அவர் நாற்காலியில் சாயமாட்டார். அன்றும் சாயவில்லை. தேய்த்த வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“இது திருட்டுக் கேஸ்,” என்றார். “இந்த மிஷின் எங்க வீட்டுப் பொருள். போன சனிக்கிழமை பண்டமாரான்ல, பழைய சாமான் விக்கிற தர்மக் கடையில பாத்தேன். வாங்கிட்டேன். அந்தக் கடைக்கு இதக் கொடுத்தது யாருன்னு தெரியணும். அவ்வளவுதான்.”

“போலீஸ்ல ரிப்போர்ட் போடலாமே அங்கிள்?” என்றார் கெர்ட்ரூட்.

“போலீஸ் ஸ்டேஷன் வாசல மிதிக்கிற குடும்பம் இல்ல எங்க குடும்பம்.”

“நம்ம வாசல் பரவால்ல மேடம்,” என்றார் ராதாகிருஷ்ணன். “கீழ பூக்கடை இருக்குல்ல? பாக்கிறவங்க, பெரியவர் சாமிக்கு மாலை வாங்க வந்திருக்காருன்னு நெனச்சிக்குவாங்க.”

சிவநேசன் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் ரயில்வே குமாஸ்தாக்கள் பல பேர் பேனாவைக் கீழே போட்டிருக்கிறார்கள். ராதாகிருஷ்ணனுக்குக் கீழே போடப் பேனா இல்லை.

“அந்தக் கடைக்கு எதுக்குப் போனீங்க அங்கிள்?”

“பழைய தையல் மிஷின் சேக்கிறது என் பொழுதுபோக்கு. சனிக்கிழமையானா செலாயாங்லேர்ந்து ஜெஞ்சாரோம் வரைக்கும் பழைய சாமான் கடையெல்லாம் ஒரு சுத்து போயிட்டு வருவேன். வீட்டு ஹால் நெறைய வெச்சிருக்கேன்.”

கெர்ட்ரூட் மிஷினைத் தன் பக்கம் இழுத்தார். “உங்ககிட்ட இருக்கிறதுல படகு மாதிரி நீள ஷட்டில் வெச்சது எத்தன? வட்டமான பாபின் வெச்சது எத்தன?”

“எண்ணிப் பாத்ததில்ல,” என்றார் சிவநேசன்.

“சரி, இதுல இருக்கிறது எது?”

சிவநேசன் கண் மிஷினின் கைப்பிடிக்குப் போய் நின்றது.

“செவுளத் தூக்கிப் பாக்காம மீன் வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கே அங்கிள்,” என்றார் ராதாகிருஷ்ணன்.

“பழைய மிஷின் சேக்கிறவங்களை எனக்குத் தெரியும்,” என்றார் கெர்ட்ரூட். குரலில் குத்தல் இல்லை. “கையில எடுத்ததும் தகட்டத் தள்ளி ஷட்டிலத்தான் பாப்பாங்க. அப்புறம் ஊசி, அப்புறம் நம்பர். நீங்க வந்து உக்காந்ததிலேர்ந்து அந்தக் கைப்பிடிய மட்டும்தான் பாக்கிறீங்க. மிஷின் பூராவும் கம்பெனி வேலை. கைப்பிடிக் கட்டை மட்டும் யாரோ வீட்டுல அரம் வெச்சுத் தேய்ச்சது.”

சிவநேசன் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். அந்தக் கட்டையைத் தேய்த்தது அவர்தான். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய கட்டையில் ஒரு துண்டை அறுத்து, மகளின் கைக்கு அளவாக, கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தேய்த்தார். அதற்குப் பிறகு எந்தக் கடையில் எந்த மிஷினைக் கண்டாலும் அவர் கண் அந்த ஓர் இடத்துக்குத்தான் போகும்.

“என் மகள்,” என்றார். “சந்திரகலா.”

வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் அது. ஹார்பரில் கிரேன் ஓட்டும் சிரில் என்ற கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். நகையெல்லாம் கழற்றிப் பூஜை அறையில் வைத்துவிட்டு, இந்த மிஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போனாள். போனவள் எங்கே இருக்கிறாள் என்று யாரையும் கேட்க அவர் மானம் இடம் தரவில்லை. அவள் மிஷினை வைத்துப் பிழைக்கிறவள். எங்காவது அது ரிப்பேருக்கு வரும், கை மாறும், கடைக்கு வரும் என்று அவர் கணக்குப் போட்டார். மகளைத் தேடுகிறேன் என்று சொல்லாமல் மகளைத் தேட அவருக்குக் கிடைத்த ஒரே வழி, மிஷின் சேர்ப்பது.

“அவ உயிரோட இருக்காளான்னு தெரியணும்,” என்றார் சிவநேசன். “இருந்தா எங்கன்னு தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்.”

கெர்ட்ரூட் தகட்டைத் தள்ளி, அடிநூல் சுற்றிய ஷட்டிலை எடுத்தார். நூல் முனையைப் பிடித்து மெல்ல இழுத்தார். வெள்ளை நூல் தீர்ந்து மஞ்சள் வந்தது, மஞ்சளுக்கு அடியில் பள்ளிக்கூடச் சீருடையின் நீலம் வந்தது.

“மீந்த நூல வீசறதில்ல,” என்றார். “அது மேலயே அடுத்த கலரச் சுத்தியிருக்கா.”

“சின்ன வயசிலேர்ந்து அப்படித்தான்,” என்றார் சிவநேசன். அவரையறியாமல் குரல் இளகியது.

அடுத்து மிஷினைப் பின்பக்கமாகச் சாய்த்தார் கெர்ட்ரூட். அடிப்பெட்டிக்குள், மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில், ஒரு சாண் நீளத்தில் காய்ந்து பழுத்த ஓலை ஒன்று மடித்துச் செருகியிருந்தது.

சிவநேசன் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. “தோரணத்து ஓலை,” என்றார். “சரஸ்வதி பூஜைக்கு மிஷினுக்குத் தோரணம் கட்டறது எங்க வீட்டு வழக்கம். எங்க போனாலும் அவ விடல பாருங்க. என் வளர்ப்பு.”

கெர்ட்ரூட் அந்த ஓலையை விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார்.

“ராதா, காரை எடுங்க. பண்டமாரான் போறோம்.”

கிள்ளான் சாலை முழுதும் ராதாகிருஷ்ணன் பேசிக்கொண்டே வந்தார். தன் கார் தன்னைவிட வயதில் மூத்தது, அதனால் அதை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவதாகச் சொன்னார். ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடுவதை விளக்கினார். வழக்கமாக இதற்கெல்லாம் கெர்ட்ரூட்டிடமிருந்து சுடச்சுட ஒரு பதில் வரும். அன்று வரவில்லை. இரண்டு மூன்று தடவை கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு ராதாகிருஷ்ணனும் வானொலியைத் திருகினார்.

தர்மக் கடை லோரி நிறுத்துமிடத்துக்கு எதிரில் இருந்தது. தானமாக வந்த துணி, தட்டு, பொம்மை, மிக்சி எல்லாம் அடுக்கியிருந்தன. பின்பக்கம் ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. கடையைப் பார்த்துக்கொள்ளும் ஷார்மைன் என்ற பெண்மணி, சிவநேசனைக் கண்டதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“கொடுத்தவங்க பேர நாங்க சொல்றதில்ல மேடம்,” என்றார். “ரூல்ஸ்லா. அன்னிக்கே அங்கிள்கிட்ட சொன்னேன்.”

“பேர் வேணாம்,” என்றார் கெர்ட்ரூட். “வேற ஒண்ணு கேக்கிறேன். பழைய சாமான் வாங்கி விக்கிற வியாபாரிங்க இங்க எப்ப வருவாங்க?”

“அந்த பாரங் லாமா ஆளுங்களா? அவங்க திங்கக்கிழமையே வந்துடுவாங்க. நான் கதவத் தொறக்கிறதுக்கு முந்தியே வெளிய நிப்பாங்க.”

“கறுப்பு மிஷின் இருந்தா விடுவாங்களா?”

“எங்க விடறது! ஒருத்தருக்கொருத்தர் சண்டையே போடுவாங்க.”

“அப்ப இந்த மிஷின் எப்படிம்மா சனிக்கிழமை வரைக்கும் இருந்தது?”

ஷார்மைன் கீழே வைத்த துணியை மறுபடி எடுத்து மடித்தார்.

“மேல ஒரு பொட்டுத் தூசி இல்ல. எண்ணெய் போட்டு, துணி மூடி உள்ள வெச்சிருந்தீங்க. சனிக்கிழமை மட்டும் வெளிய எடுத்து வெச்சீங்க. சனிக்கிழமையில வர்ற ஒரு ஆளுக்காக.”

“நம்ம மேடத்துகிட்ட மாட்டினா அவ்வளவுதான் அக்கா,” என்றார் ராதாகிருஷ்ணன். “நான் டயட்ல இருக்கிறப்போ ரொட்டி சானாய் தின்னத என் சட்டைக் காலர வெச்சுக் கண்டுபிடிச்சவங்க.”

ஷார்மைன் சிரிக்கவில்லை. சிவநேசனைத்தான் பார்த்தார். “ஆமா, அங்கிளுக்காகத்தான். சில சனிக்கிழமை நீங்க வரல. நான் திரும்ப உள்ள எடுத்து வெச்சேன். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. பின்னால மூணாவது வரிசையில, பச்ச கேட்டு. சிரில் அண்ணன் வீடு. அவர்தான் சொல்லணும்.”

காரில் ஏறியதும் சிவநேசன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். தனக்காக எடுத்து வைத்தார்கள்! தான் வருவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை காலம் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவர் நெஞ்சில் திறந்துகொண்டது. தெருமுனையில் அப்பம் பாலிக் என்ற இனிப்பு அப்பம் சுடும் வண்டியைப் பார்த்ததும், “தம்பி, நிறுத்துங்க,” என்றார். ரோட்டோரத்தில் நின்று எதையும் வாங்கியறியாத மனிதர், வெயிலில் வரிசையில் நின்று, சூடான பொட்டலத்தை இரண்டு கையிலும் ஏந்தி வந்தார்.

“கடலை நெறைய போடச் சொன்னேன். அவளுக்கு அதான் பிடிக்கும்.”

“எனக்கும் அதான் பிடிக்கும் அங்கிள். தகவலுக்குச் சொல்றேன்,” என்றார் ராதாகிருஷ்ணன். கெர்ட்ரூட் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும் சாவியைத் திருகாமல் கையை எடுத்துவிட்டார்.

“அங்கிள்,” என்றார் கெர்ட்ரூட். “நாம அங்க போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். அந்த ஓலை தோரணத்து ஓலை இல்ல.”

“பின்ன?”

“குருத்தோலை ஞாயிறுன்னு, ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு எங்க கோயில்ல கொடுக்கிறது. வீட்டுல ஒரு வருஷம் வெச்சிருப்போம்.”

சிவநேசன் முகம் கொஞ்சம் இறுகியது. பிறகு தளர்ந்தது. “சரி,” என்றார். “புருஷன் வீட்டு வழக்கம். அவ எந்தச் சாமியக் கும்பிட்டா இப்ப என்ன? போகலாம்.”

“இன்னும் முடியல அங்கிள். அடுத்த வருஷம் தவக்காலம் தொடங்கிறப்ப சாம்பல் புதன்னு ஒண்ணு வரும். அதுக்கு முந்தி பழைய ஓலையெல்லாம் கோயில்ல திருப்பிக் கொடுத்துடுவோம். அதத்தான் எரிச்சு அந்தச் சாம்பல நெத்தியில வெப்பாங்க. இந்த வருஷத்து ஓலைன்னா இன்னும் மஞ்சளாத்தான் இருக்கும். என் வீட்டுல இருக்கிறது அப்படித்தான் இருக்கு. மிஷினுக்குள்ள இருந்தது நல்லா பழுத்துப்போன ஓலை. போன வருஷத்துது. சாம்பல் புதன் வந்து போயிடுச்சு. யாரும் அத எடுத்துக் கொடுக்கல.”

“மறந்திருப்பா.”

“அரை முழம் நூல வீணாக்காதவ அங்கிள். மறக்கிற கை இல்ல அது.”

சிவநேசன் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அதன் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை நகர்த்தவில்லை.

“வீட்டுக்குப் போங்க தம்பி,” என்றார். “அந்தப் பச்ச கேட்டுக்கு.”

சிரில் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது, தோள் அகலமாக இருந்தது, கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு வந்து கேட்டைத் திறந்தார்.

“வாங்க மாமா.”

அந்த வார்த்தையால் தன்னை ஒருவன் கூப்பிட்டு சிவநேசன் கேட்டதில்லை. அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“எப்ப?” என்றார்.

சிரில் அவரையும் கெர்ட்ரூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்று புரிந்தது.

“பொங்கலுக்கு அடுத்த வாரம் போயிட்டா மாமா. மார்ல கட்டி. ஆப்பரேஷன் பண்ணாங்க. திரும்ப வந்துடுச்சு.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொல்றேன்னு சொன்னேன். பிரிக்பீல்ட்ஸுக்குப் பைக்கையே எடுத்துட்டேன். அவ வேணாம்னுட்டா.”

“என் மேல அவ்வளவு கோபமா?”

“கோபம் இல்ல மாமா.” சிரில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அந்தத் தர்மக் கடையில, திரைக்குப் பின்னால உக்காந்து கிழிஞ்ச துணியெல்லாம் தைச்சுக் கொடுப்பா. சும்மா, உதவிக்கு. ரெண்டு வருஷம் முந்தி ஒரு சனிக்கிழமை நீங்க வந்தீங்க. சத்தத்த வெச்சே தெரிஞ்சிக்கிட்டா. திரைக்கு இந்தப் பக்கம் அவ, அந்தப் பக்கம் நீங்க. நீங்க அங்க இருந்த மிஷின ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்தீங்களாம். அவ எழுந்து நின்னுட்டா. திரைய விலக்கக் கையையும் நீட்டிட்டா. அப்ப ஷார்மைன் உங்ககிட்ட கேட்டாங்க, என்ன தேடறீங்க அங்கிள்னு.”

சிவநேசனுக்கு அந்தக் கேள்வி நினைவில் இல்லை. பதில் நினைவிருந்தது. எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான் சொல்வார். ஓடிப்போன மகளை அப்பன் தேடித் திரிகிறான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதென்று, வீட்டிலேயே யோசித்து முடிவு செய்துவைத்த பதில்.

“பழைய மிஷின் சேக்கிறேன்மா,” என்றார் சிவநேசன், யாருக்கோ சொல்வதுபோல. “வேற ஒண்ணும் தேடல.”

“அதான் மாமா. அதக் கேட்டதும் உக்காந்துட்டாளாம். சாயங்காலம் வந்து என்கிட்ட சொன்னா, அப்பா என்னத் தேடி வரல சிரில், மிஷின் சேக்கிறாராம்னு. அப்புறம் நீங்க வந்தப்பல்லாம் அங்கதான் இருந்தா. வெளிய வரல. உங்க குரலக் கேக்கத்தான் சனிக்கிழமை லீவு போடாமப் போவா.”

ராதாகிருஷ்ணன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். மூச்சு முட்டியதோ என்னவோ, வாயைத் திறக்கவில்லை.

“கடைசியில மிஷின அந்தக் கடையில வைக்கச் சொன்னா,” என்றார் சிரில். “நேர்ல கொடுத்தா அப்பா வாங்க மாட்டாரு, கடையில இருந்தா வாங்குவாருன்னு. அவர் சேக்கிறதோட இதுவும் ஒண்ணா இருக்கட்டும்னு. எனக்கு மனசு வரல மாமா. ஈஸ்டர் முடிஞ்சுதான் எடுத்துட்டுப் போனேன். அந்த ஓலைய எடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அதெல்லாம் அவதான் பாத்துக்குவா.”

கெர்ட்ரூட்டின் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள், ஆள் இருக்கிறாளா இல்லையா என்ற மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. அவர் இதற்கு முன் முடித்த எந்தக் கேஸிலும் விடை கேட்டவர் இப்படி நின்றதில்லை. முதுகு வளையவில்லை. கை மட்டும் கேட்டின் கம்பியை இறுகப் பிடித்திருந்தது.

“அங்கிள், உக்காருங்க,” என்றார்.

“வேணாம்மா.” சிவநேசன் பொட்டலத்தை சிரிலிடம் நீட்டினார். “அவளுக்கு வாங்கினது. நீங்க சாப்பிடுங்க.”

சிரில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவர் உடைந்து அழுதார். சிவநேசன் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, அவர் தோளில் கை வைத்து, அழுது முடியும்வரை அப்படியே நின்றார். பிறகு கேட்டார்:

“எங்க வெச்சிருக்கீங்க?”

“பக்கத்துலதான் மாமா. கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்க வழி மட்டும் காட்டுங்க. நான் நடந்து வரேன்.”

அன்று அவர் நடந்துதான் போனார். அதற்குப் பிறகும் போகிறார். கிள்ளான் பக்கம் கத்தோலிக்கக் கல்லறையில் அவரைப் பார்த்தவர்கள் உண்டு. அதை வைத்துக்கொண்டு, மருமகன் பேச்சைக் கேட்டுக் கிழவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டார் என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். சிவநேசன் எதிலும் சேரவில்லை. மகளைப் பார்க்கப் போகிறார்.